ஊதா முத்திரை

காலை மணி 10.37.

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் வக்கீலம்மாவின் போன் அலறியது.

எடுத்தாள். முகம் வெளுத்தது.

"என்னது... போலியா?"

வராந்தா பெஞ்சில் இரண்டு பேர். ஒரு முனையில் விவாகரத்து கேட்டவள். ரப்பர் ஸ்டாம்ப் கடையில் வேலை பார்ப்பவள். மறுமுனையில் அவள் கணவன், ராணுவச் சீருடையில். மூன்று வருஷம் கழித்து இன்றுதான் பார்க்கிறார்கள்.

நடுவில் நாலு பேர் உட்காரும் இடம்.

அவளுடைய வக்கீலம்மா அவன்மேல் பாய்ந்தாள்.

"ஏன் சார், எல்லையில நிக்கிறவர் வராம தீர்ப்பு சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்குதான். அதுக்காக இப்படியா? அஞ்சு வாய்தா... அஞ்சு லெட்டர்! 'பணி அவசரம், லீவு தர இயலாது.' எதையுமே உங்க முகாம் அனுப்பலையாம்! ஜட்ஜ் கொதிச்சுப் போயிருக்கார். ஆள் சிக்கினா ஜெயில்தான்!"

"நானா? எனக்கு சம்மனே போன வாரம்தான் வந்துச்சு மேடம். பனியில தபால் அப்படி."

"பொய்!"

"லெட்டரைக் காட்டுங்க."

படித்தான். மறுபடி படித்தான்.

"இதுல என்னை நாயக்னு போட்டிருக்கு."

"அதனால?"

"நான் பதவி உயர்ந்து ஹவில்தார் ஆகி ஒன்றரை வருஷமாச்சு. முகாம்ல சமையல்காரருக்குக்கூடத் தெரியும். தெரியாத ஆளு..."

நிறுத்தினான்.

"...நான் சொல்லாம விட்ட ஆளுதான்."

பெஞ்சின் மறுமுனையில், ஊதா மை படிந்த விரல்கள் முந்தானைக்குள் ஒளிந்தன.

"நீயா!" வக்கீலம்மா அதிர்ந்தாள். "கேஸ் போட்டதே நீதானேம்மா!"

"ரெண்டு வருஷமா ஒரு போன் இல்லை. சண்டை போடவாவது வருவார்னு போட்டேன். வரலை. முகாம் லெட்டர் இல்லேன்னா அவர் வராமலே தீர்ப்பாயிடும்னாங்க... அப்புறம் நான் யாருக்காகக் காத்திருக்கிறது?"

"வாபஸ் வாங்கியிருக்கலாமே!"

"வாங்கினா இவர் வரவே மாட்டாரே..."

உள்ளேயிருந்து டவாலி அவர்களுடைய கேஸ் நம்பரைக் கூவினான்.

கணவன் எழுந்தான். நாலு பேர் இடத்தைக் கடந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். லெட்டரிலிருந்த முகாம் முத்திரையை விரலால் தடவினான். அசலைவிட நேர்த்தி!

"இவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டு, 'லீவு தர முடியாது'ன்னா எழுதுவே? 'இவனை உடனே வீட்டுக்கு அனுப்பு'ன்னு முகாமுக்கு ஒண்ணு தட்டிவிட்டிருக்கக் கூடாதா?"