புலன்தூதியும் பூட்டிய மலையும்

கோமளவல்லியின் கணுக்கால்களை ஓடைநீர் தழுவியது. காலடியில் கூழாங்கல் வழுக்கிற்று, பாசி மணத்தது. அவளோ தன் வீட்டுக் கட்டிலில் கிடந்தாள். நான்கு மைலுக்கு அப்பால், வெண்பாறை மலை ஓடையில் நின்ற கூலித் தூதன் உணர்ந்தவற்றையெல்லாம், அவள் தலையில் மாட்டியிருந்த புலன்தூதி ஒன்றுவிடாமல் கொண்டுவந்து சேர்த்தது.

தூண்டில் வெடுக்கென்று இழுபட்டது.

“இப்ப இழுக்காதே, விட்டுப் புடி!” என்று கத்தினாள். புலன்தூதி உணர்வைக் கொண்டுவரும், சொல்லைக் கொண்டுபோகாது. தூதன் இழுத்தான். மீன் சிக்கியது, அவனுக்கு.

முடக்குவாதம் வந்து பதினோராண்டு. நல்ல நாளில் நாலு எட்டு நடப்பாள். மற்ற நாளெல்லாம் சக்கர நாற்காலி. ஆயினும் அவளை ஓடைவரை கொண்டுசேர்க்க ஒரு சரிவுப்பாதை இருந்தது. புலன்தூதி வந்த மாதமே, மலைக்காவல் ஆணையர் தண்டபாணி அதை இடித்துப் படிக்கட்டாக்கினார். “நோயுற்றோர்க்குப் புலன்தூதி இலவசம், அது தரும் அனுபவம் நேரில் செல்வதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று” என்று ஆணை பிறந்தது. இரக்கத்தின் பெயரால் ஒரு பூட்டு! கருணை பூசிய விலக்கு!

சரிவுப்பாதையைத் திரும்பக் கேட்டு நான்காண்டு மனுப் போட்டாள்.

“ஏனுங்க அம்மணி, போன வாரம் கடைவீதியில நடந்து போனீங்க. இன்னிக்கு நாற்காலிங்களா?” என்று அலுவலகத்தில் வைத்தே சிரித்தார் தண்டபாணி.

“நோவு உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டா வருமுங்க?”

எழுத்தர்களும் அவரோடு சேர்ந்து சிரித்தனர். அன்றே அவள் தன் மனுவைக் கிழித்தாள். வேறொன்று எழுதினாள்.

தீர்ப்பாயத்தில் அவள் சரிவுப்பாதை கேட்கவில்லை. மனிதக் காலடியால் மலை தேய்கிறது என்று ஆணையரே வெளியிட்ட அறிக்கையை நீட்டினாள். அதன்மேல் அவருடைய ஆணையை வைத்தாள்.

“நேர்ல போறதுக்கு இது குறைஞ்சதில்லைன்னா, யாருக்குமே குறைஞ்சதில்லைங்க, ஐயா. அப்பறம் ஒரு காலுகூட ஏனுங்க மலைய மிதிக்கோணும்?”

நடுவர் தண்டபாணியை நோக்கி, “குறைவு உண்டா?” என்றார். உண்டென்றால், நான்காண்டு அவர் செய்தது வஞ்சனை. இல்லையென்றால், மலை அடைபடும். ஞாயிறு தவறாமல் அதே ஓடையில் தூண்டில் போடும் மனிதர் அவர். ஆயினும் தம் பதவியையே காத்துக்கொண்டார்.

“இல்லீங்க.”

மலை மூடப்பட்டது. இனி ஓடையில் இயந்திரத் தூதன் மட்டுமே நிற்கலாம். மனுதாரர் இசைந்தாலன்றித் தடை நீங்காது.

மூன்றாம் ஞாயிறே மலைவாயிலில் முந்நூறு பேர் திரண்டனர். மலையேறுவோர், பறவை பார்ப்போர், காலை நடையர், எல்லோருக்கும் முன்னால் தண்டபாணி.

“அதைத் தலையில மாட்டுனா பைத்தியம் புடிக்குதுங்க. மீன் இழுக்குது, என் கை சும்மா கெடக்குது!”

கோமளவல்லி அந்தப் புலம்பலை ஒரு சொல்கூடச் சிந்தாமல் சுவைத்தாள்.

“உங்களுக்குந்தானுங்க கதவு சாத்திருச்சு. என்னத்தக் கண்டீங்க?” என்றார் தண்டபாணி.

“எனக்குச் சாத்தி நாலு வருசமுங்க. உங்களுக்கு மூணு வாரம். அதுக்குள்ள அழுகையா?”

அவர் இசைவுக் கடிதத்தை நீட்டினார். மலையை அனைவருக்கும் திறக்க வேண்டும் என்றிருந்தது. சரிவுப்பாதை பற்றி ஓர் எழுத்தில்லை. முந்நூறு பேர் கூடி எழுதிய கடிதம். முந்நூறு பேருக்கும் அந்த நினைவே எழவில்லை!

“அதெல்லாம் பொறகு பாத்துக்கலாம் அம்மணி. மொதல்ல கையெழுத்தப் போடுங்க.”

அவள் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நாற்காலியை உருட்டி வாயிலின் நட்டநடுவே நிறுத்தினாள். சக்கரங்களைப் பூட்டினாள்.

“கடப்பாரைய எடுங்க. வேற ஆளு வேண்டாம், நீங்களே எடுங்க. அந்தப் படிய ஒடைச்சுச் சரிவாக்குங்க. மொதல்ல என் சக்கரம் ஏறட்டும். பொறகு உங்க செருப்பு.”