ஜன்னலோரம் கறுத்த பாட்டில்

"கொலை...! கொலை...!"

இன்ஸ்பெக்டர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அக்காவின் குரலுக்கு அந்தத் தூரம் போதவில்லை.

"யாரு செத்தது அக்கா?"

"இன்னும் சாகலடா! என் பையன் மூத்திரம் கறுப்பாயிடுச்சு! மருமக விஷம் வச்சுட்டா!"

பத்தே நிமிஷத்தில் ஜீப் வந்து நின்றது. முதுகைப் பிடித்தபடி இறங்கினார். பாழாய்ப்போன சீட்டு!

அக்கா மகன் முதுகுவலியில் ஒரு வாரமாகப் படுத்த படுக்கை. ஜன்னலோரம் பாட்டில். உள்ளே... மை!

"டாக்டருக்குக் காட்டலாம்னு காலைல பிடிச்சு வச்சேன். அப்போ நல்லாத்தான் இருந்துச்சு!" என்றாள் அக்கா.

மருமகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அத்தை வாங்கின புரோட்டீன் பவுடரைத்தான் கலக்கிக் குடுத்தேன்..."

"நடிக்காதே! குழந்தையை அக்காகிட்ட குடுத்துட்டு ஜீப்ல ஏறு!"

இனி பிள்ளையைக் கண்ணில் காட்டுவார்களா? அவள் குழந்தைக்கு முத்தம் கொடுத்து நீட்டினாள்.

முதலில் பாட்டிலோடு லேப். அக்காவும் குழந்தையோடு விடாமல் கூடவே வந்தாள். லேப் டாக்டரம்மா சோதித்துவிட்டுச் சிரித்தார்.

"விஷமே இல்ல சார். புரதத்துல ஃபினைல்அலனின்னு ஒரு அமினோ அமிலம். உடம்பு அதைப் படிப்படியா உடைக்கணும். நடுவுல ஒரு என்சைம் வேலை செய்யலேன்னா பாதியில நின்னுடும். அந்த மிச்சம் மூத்திரத்துல வந்து, காத்துபட்டா கறுக்கும். முதுகெலும்பு, காதுலகூட படியும். புரோட்டீன் பவுடர் குடிச்சா இன்னும் ஏறும்."

"அப்ப குற்றவாளி?"

"அப்பா பாதி, அம்மா பாதி. பரம்பரை. சொந்தத்துலயே கட்டுவீங்களா?"

"மூணு தலைமுறையா!" அக்கா நிமிர்ந்தாள். "வெளியில பொண்ணெடுத்தது என் பையன் ஒருத்தன்தான். அனுபவிக்கிறோம்!"

"கதை விடாதீங்க டாக்டர்!" இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

டாக்டரம்மா அலமாரியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

அதுவும் கறுப்பு!

"உங்க ஸ்டேஷன் வருஷாந்திர மெடிக்கல். ஏட்டு காலைலயே வச்சுட்டு டீ குடிக்கப் போனவர்... லேபிளைப் படிங்க."

படித்தார். அவர் பெயர்! கை தானாக முதுகுக்குப் போனது.

"காதுமடலும் நீலம் பாஞ்சிருக்கு சார்."

விலங்கு சத்தமில்லாமல் பாக்கெட்டுக்குள் போனது.

மருமகள் அக்காவின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கினாள்.

"உங்க தம்பிக்கு நான் ஒரு டம்ளர் தண்ணிகூட குடுத்ததில்லையே அத்தை... அவருக்கு யாரு வச்சது?"