உள்ளே நாற்பது நாள்

நாட்கூடாரத்தின் கதவு திறந்ததும் செண்பகவல்லி முதலில் பார்த்தது கில்பர்ட்டின் சட்டையைத்தான். நாற்பது நாளுக்கு முன் அவளை உள்ளே அனுப்பியபோது போட்டிருந்த அதே நீலக்கட்டம், அதே சாம்பார்க் கறை. அவருக்கு அது இன்று காலை.

இப்போதெல்லாம் தாமதத்துக்குக் கூடுதல் நாள் கேட்டால் யாரும் கெடு தேதியைத் தள்ளிவைப்பதில்லை. கட்டடத்தின் மேல் கூடாரத்தை இறக்கிவிடுகிறார்கள். வெளியே ஒரு பகல், உள்ளே நாற்பது நாள். அந்த நாற்பதும் வேலை செய்பவர்களின் ஆயுளில் கழியும். அதைப் பற்றி எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி கிடையாது. பதினெட்டுக் கூடாரம் பார்த்துவிட்ட செண்பகவல்லி, இரண்டு வயது மூத்த அக்காவை எட்டிப் பிடித்துவிட்டாள்.

இது தூத்துக்குடியில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கு. வரைபடமும் கட்டுமானமும் அவள் நிறுவனத்தின் பொறுப்பு. எது பிசகினாலும் அவள் தலையில்தான் விடியும். கட்டச் சொன்னவர்களே கிடங்கின் அளவைப் பாதியில் பெரிதாக்கியதால், ஒரு மாதம் மல்லுக்கட்டி வாங்கிய நாற்பது நாள் இது. அவர்கள் கொடுத்த மண் அறிக்கை மணல் என்றது. மூன்றாம் நாள் தோண்டினால் பாறை. அதை உடைக்கவே இருபத்தைந்து நாள் போயிற்று.

பாறை தென்பட்ட அன்றே, இந்தத் தாமதம் அவர்கள் பொறுப்பு என்று கடிதம் எழுதிவிட்டாள். ஆனால் கூடாரம் முடியும்வரை ஒரு ஈகூட வெளியே போக முடியாது. கடிதத்தை ஏற்றால் மீதி வேலைக்கு அவர்கள் மாற்று ஆட்களை அனுப்ப வேண்டும். மறுத்தால் இவளும் இவளுடைய ஆட்கள் பதினாறு பேரும் மறுபடி கூடாரத்துக்குள்ளே.

கட்டச் சொன்னவர்களின் பொறியாளரான கில்பர்ட் கடிதத்தின் தேதியைப் பார்த்தார்.

“தாமதம் தெரிஞ்சு இருபத்தெட்டு நாளைக்குள்ள கடிதம் வந்திருக்கணும் மேடம். முப்பத்தேழு நாள் ஆயிட்டே.”

“சார், நான் உள்ள போனதே இன்னைக்குக் காலைலதான். நீங்கதான கதவைப் பூட்டுனீங்க?”

“கூடாரத்துக்குள்ள இருக்க காலண்டர்தான் கணக்குன்னு போட்டிருக்கு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்க மேசைக் காலண்டர்ல இன்னும் தேதியே கிழிக்கல. அப்புறம் எப்படி சார் லேட்டாகும்?”

கில்பர்ட் கெட்டவர் அல்ல. விதி தெரிந்தவர், அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

“சரி, போனது ஒரு பகல்தான்னு எழுதிக் குடுங்க. கடிதத்தை வாங்கிக்கிடுதேன்,” என்றார். “ஆனா ஒரு பகல்தான்னா, உங்களுக்குக் குடுத்த நாப்பது நாளும் அப்படியே மிச்சம் இருக்கணும்லா? அதைத் திருப்பிக் குடுத்திருங்க.”

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். தாடி வளர்ந்த பதினாறு பேரும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.