ஃபிரேமுக்கு வெளியே நிற்பவள்

கார்முகில் கீழராஜ வீதியில் பைக்கை நிறுத்தியபோது மணி மூன்றரை. மார்கழிப் பனி தெருவிளக்குகளைச் சுற்றிப் புகைந்துகொண்டிருந்தது. மனைவி இளமதி போய் இருபத்தேழு நாள். அவன் தூங்கியும் அத்தனை நாள்.

"என்ன தம்பி, இன்னைக்குமா?" டீக்கடை அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த பிச்சை கேட்டார். "பேய்கூட விடியறதுக்குள்ள வீடு போய்ச் சேர்ந்துருது. நீங்க போக மாட்டேங்கிறீங்களே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கடைக்கு எதிரிலேயே கட்டியிருந்தது.

டெங்கு. ஆறே நாள். ஃப்ளெக்ஸில் இருப்பது ஆதார் கார்டு முகம். கல்யாண ஆல்பத்தில் மேக்கப்புக்குள் வேறு யாரோ இருந்தாள்.

"எம்பொண்ணு மாதிரியே இருக்குற படம் ஒண்ணு குடுங்க மாப்ள, முப்பதாம் நாளுக்கு வைக்கணும்" என்று மாமியார் கேட்டிருந்தார்.

அவனிடம் புதுக்கோட்டையின் இரவுப் படங்கள் நாலாயிரம் இருந்தன. ஒன்றில்கூட மனைவி இல்லை.

இத்தனைக்கும் அவன் படமெடுக்கக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அவள்தான் கூட வருவாள்.

"அங்கிட்டு தள்ளி நில்லு மதி. ஃபிரேமுக்குள்ள வர்ற."

"ஊர்ல உள்ள செவுரு, கம்பம் எல்லாத்தையும் எடுக்குறீங்க. நான் மட்டும் ஆகாதவளாக்கும்?" என்பாள். ஆனாலும் தள்ளி நிற்பாள்.

அவன் ஸ்டாண்டை விரித்தான். முப்பது விநாடி லென்ஸைத் திறந்து வைத்தால் நடப்பவர்கள் பதிய மாட்டார்கள். அசையாமல் இருப்பது மட்டுமே பதியும்.

படம் திரையில் வந்தது. காலி வீதி. வலது ஓரத்தில் ஒரு பச்சை முந்தானை நுனி, துளி மங்கலில்லாமல்.

நிமிர்ந்து பார்த்தான். யாருமில்லை.

கேமராவை வலப்பக்கம் திருப்பி எடுத்தான். மறுபடியும் வலது ஓரம். இன்னும் திருப்பினான். இன்னும் ஓரம்.

அவள் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தாள். அவன் பழக்கிய மாதிரியே.

ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டே பல்லவன் குளம்வரை வந்துவிட்டான். அங்கே காற்றில் பப்பாளி இலைச் சாற்றின் கசப்பு வாசனை. கடைசி வாரம் அவன் கையால் பிழிந்து அவளுக்கு ஊட்டியது.

நாய்கள் குரைப்பதை நிறுத்தின.

கேமராவைக் குளத்துப் படிக்கட்டைப் பார்க்க வைத்து, டைமரை அழுத்திவிட்டு, ஓடிப்போய்ப் பனியில் நனைந்த படியில் உட்கார்ந்தான். பக்கத்தில் இடம் விட்டு.

"மதி, உள்ள வா. படம் கெட்டாலும் பரவால்ல."

லென்ஸ் திறந்தது.

வாசனை நெருங்கியது.

அவன் அசையவில்லை. பத்து எண்ணினான். பதினொன்று.

"நெசமாத்தான் கூப்பிடுறீங்களா?"

காதோரத்தில். மூச்சில்லாத குரல்.

அவன் உடைந்து போனான். இருபத்தேழு நாளாக வராத அழுகை உடம்பையே குலுக்கியது. திரும்பிப் பார்க்கப் பயம். பார்த்தால் இல்லாமல் போய்விடுவாள்.

கேமரா மூடிக்கொண்டது.

எழுந்து போய்ப் பார்த்தான். திரையில் இளமதி இருந்தாள். பச்சைச் சேலை, சிக்கெடுக்காத தலை, உதட்டோரம் அந்தக் கேலிச் சிரிப்பு. அவளேதான். பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் வெறும் புகை. அந்தப் புகையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்லப் படிக்கட்டுக்குத் திரும்பி வந்தான்.

ஈரக் கல்லில் அவன் உட்கார்ந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது.

இல்லை. பக்கத்தில் இன்னோர் இடமும்.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடு ஆறவில்லை.