மையவாடி வாசலில் சிவப்பு

மையவாடி வாசலிலேயே அடக்கத்துக்குக் கொண்டுவந்த சந்தூக்கை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார்கள். சந்தூக்கினுள்ளே இருந்தது கறிக்கடை பீர்முகம்மதுவின் மனைவி ஜுலைகாவின் உடல். நகராட்சி ஊழியர் ஜெபராஜ் உடலைச் சுற்றியிருந்த கஃபன் துணிக்கு மேலாக நஞ்சளவியைப் பிடித்தார். கொழுப்பில் படிந்த பூச்சிமருந்தை ஒளியாலேயே அளந்துவிடும் கைக்கருவி அது. சிவப்பு எரிந்தது.

பீர்முகம்மதுவுக்குப் பழக்கமான சிவப்புதான். பச்சை எரிந்த ஆட்டை விற்கலாம். சிவப்பு எரிந்ததை உலையில் எரிக்க வேண்டும். புதைத்தால் நஞ்சு மண்ணில் இறங்கி, புல்லில் ஏறி, மறுபடி ஆட்டுக்கே வந்துவிடும். போன மாதம் அந்தச் சட்டத்தை மனிதர்களுக்கும் நீட்டிவிட்டார்கள். சட்டம் போட்டவர்களுக்கு எல்லாம் இறைச்சிதான்.

சிவப்புக் கறியை அவர் ஒருநாளும் விற்றதில்லை. எரிக்கவும் மனம் வந்ததில்லை. அல்லாஹ் பெயர் சொல்லி அறுத்ததை வீணாக்குவதா என்று வீட்டுக்கு எடுத்துப் போவார். மஞ்சள் போட்டுக் கழுவி நன்றாக வேகவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நம்பினார். ஜுலைகாவும் நம்பிச் சமைத்தாள், சாப்பிட்டாள்.

“நாந்தான் இவள மண்ணுக்கில்லாம ஆக்கிட்டேன்” என்று சந்தூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

மண்ணில் அடங்க வேண்டிய மையத்தை எரிப்பதாவது என்று ஜமாஅத் தலைவர் அசன்கனி கொதித்தார். கருவிதான் பழுது என்று சாதித்தார். தன் வீட்டில் பச்சைக் கறி தவிர வேறு நுழைந்ததே இல்லை, வேண்டுமானால் அளந்து பார் என்று கையை நீட்டினார்.

சிவப்பு.

ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டார். “பச்சைன்னா நஞ்சே இல்லன்னு அர்த்தமில்ல சார். ஒரு வேளைக்குத் திங்கிற அளவுல இருக்குன்னுதான். தெனம் தின்னா உடம்புல சேந்துக்கிட்டேதான் போவும்.”

தலைவர் மெல்லத் திரும்பினார். “உன் கடையிலதான பீரு வாங்கித் தின்னேன்.”

பீர்முகம்மது யாரையும் ஏமாற்றியதில்லை.

ஜெபராஜ் கருவியோடு சந்தூக்கின் பக்கத்திலேயே நின்றார். மூன்று பிடி மண் போட வந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. தனக்கும் மண் இல்லை என்று உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொள்ள யாருக்குத்தான் துணிச்சல் வரும்? ஆளாளுக்குக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

உலை வண்டி வந்தது. சந்தூக்கைத் தூக்கி ஏற்ற ஒரு கைகூட நீளவில்லை.