கோணிய பம்பர்

சித்தப்பா வெல்டிங் வகுப்பில் சேர்ந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்து கேட்டைச் சரிசெய்தார். அன்றிலிருந்து அது திறக்கவே இல்லை.

"இனிமே திருட்டு பயமே இல்லடா," என்று அப்பா பாராட்டினார். பாராட்டிவிட்டு, சுவரேறிக் குதித்துத் தோட்டத்துக்குப் போனார்.

அப்பா தையல்காரர். அம்மா மாட்டு டாக்டர். மலைமேல் எந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அம்மாவின் பழைய ஜீப் கிளம்பிவிடும். பாதை முழுக்கக் கல்லும் சேறும்தான். போன வாரம் ஒரு பாறையில் மோதி, ஜீப்பின் முன்பக்க பம்பர் கழன்று பள்ளத்தில் விழுந்துவிட்டது.

"அண்ணி, புதுசு வாங்காதீங்க. நானே செஞ்சு தரேன். பாறையே பயந்து ஒதுங்கிப் போகும்!" என்றார் சித்தப்பா.

அம்மா ஒரு நிமிஷம் அந்த கேட்டைப் பார்த்தார். பிறகு, "சரிப்பா, நீயே செய்," என்றார்.

வீட்டில் சிரிக்காமல் அப்படிச் சொன்னது அம்மா மட்டும்தான். அதனாலேயே சித்தப்பாவுக்குப் பயமும் வந்துவிட்டது.

அவருக்குத் துணை, அண்ணன் மகள் மிளகு. அவளுக்குப் பத்து வயது. ஆள் சின்னது, பேச்சு காரம். அதனால் சித்தப்பா வைத்த பெயர் அது. வெல்டிங் நடக்கும்போது மிளகுக்கு ஒரே ஒரு வேலை: ஷெட்டுக்கு வெளியே போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கெட்டுவிடும்.

சுவரைப் பார்த்தபடியே அவளுக்கு எல்லாம் தெரியும். எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி 'சொர்ர்ர்' என்று கேட்டால், வேலை நன்றாகப் போகிறது. 'டப்... டப்' என்று கேட்டால், அடுத்து சித்தப்பாவின் "ஐயோ!" வரும்.

முதலில் ஜீப்பின் முன்னால் அட்டையை வைத்து அளவெடுத்தார்கள். அதே அளவில் இரும்புத் தகடுகளை வெட்டினார்கள். எல்லாம் கச்சிதமாக இருந்தது. சித்தப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தகடுகளைத் தரையில் வைத்து, இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரை ஒரே மூச்சில் வெல்டிங் செய்து முடித்தார்.

இரும்பு ஆறியதும், பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரும் ஒரு கை கொடுக்க, ஜீப்பில் மாட்டிப் பார்த்தார்கள். இடது பக்கத் துளை பொருந்தியது. வலது பக்கத் துளை ஒரு சாண் தள்ளி நின்றது. பம்பரின் இரண்டு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருந்தன.

"என்ன தம்பி, பம்பர்னு சொன்னே. தொட்டில் செஞ்சிருக்கே?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

சித்தப்பா சிரிக்கவில்லை. கடைக்காரர் போனதும், வெல்டிங் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"சித்தப்பா, அதான் வெல்டிங் முடிஞ்சிருச்சே. அதைக் கழட்டுங்க."

"இல்ல மிளகு. இதுக்குள்ளேருந்து எல்லாம் நல்லாத் தெரியுது."

அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியே ஒன்றுமே தெரியாது என்பது மிளகுக்குத் தெரியும். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "கம்ப்யூட்டர் படிச்சேன், பாதியில விட்டேன். கோழி வளர்த்தேன், அதுங்களே என்னை விட்டுட்டுப் போயிடுச்சு. இனிமே வெல்டிங்கும் வேணாம். அண்ணியைக் கடையிலயே வாங்கிக்கச் சொல்லிடு."

மிளகு எழுந்து வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு துணி இருந்தது.

சித்தப்பா கவசத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். மூக்கு சிவந்திருந்தது. "என்ன இது? புழுவா?"

"பை! நான் தைச்சது!" என்றாள் மிளகு ரோஷமாக. "ஓரத்துல ஆரம்பிச்சு ஒரே இழுப்பா தைச்சேன். துணி சுருங்கிக் கோணிக்கிச்சு. அப்பா அப்படியா தைக்கிறாரு? முதல்ல அங்கங்க குண்டூசி குத்தி நிறுத்திப்பாரு. உங்க இரும்பும் கோணித்தானே இருக்கு? ஜீப்புலயே மாட்டி வச்சு, அங்கங்க பொட்டு மாதிரி கொஞ்சமா வெல்டிங் வச்சா என்ன?"

சித்தப்பா கவசத்தை முழுதாகக் கழற்றினார்.

"வகுப்புல இதைத்தான் சொன்னாங்க போல," என்றார் மெதுவாக. "அன்னிக்கு நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"சரி, அதுக்கென்ன. பிரிச்சுத் தைக்கலாம் வாங்க!"

போட்ட வெல்டிங்கை எல்லாம் சித்தப்பா வெட்டிப் பிரித்தார். வெல்டிங் மின்சாரம் கெடுத்துவிடாதபடி ஜீப்பின் பேட்டரி வயரைக் கழற்றினார். தகடுகளை ஜீப்பிலேயே இறுக்கிப் பிடித்து, இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு வைத்தார். பிறகு இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம்.

"இன்னும் கொஞ்சம் போட்டுடட்டுமா?"

"ஆறட்டும்," என்றாள் மிளகு, சுவரைப் பார்த்தபடி.

"ஆறிடுச்சு மிளகு."

"இப்பதானே நிறுத்துனீங்க! பேசாம உட்காருங்க. நான் ஒரு விடுகதை போடுறேன்."

விடுகதை, வெல்டிங், மறுபடி விடுகதை என்று பொழுது போனது. சாயங்காலம் ஷெட்டிலிருந்து நீளமாக, நின்று நிதானமாக, 'சொர்ர்ர்' என்று கேட்டது. "ஐயோ" வரவே இல்லை.

ஆறியபின் பம்பரைக் கழற்றி மறுபடி பூட்டிப் பார்த்தார் சித்தப்பா. இரண்டு பக்கமும் போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

மறுநாள் மலைமேல் ஒரு மாட்டுக்குப் பிரசவம். மழை வேறு. அம்மா அந்த ஜீப்பில்தான் போனார். சித்தப்பா மதியம் சாப்பிடவில்லை. மிளகு தன் தட்டைக் காலி செய்துவிட்டு, வாசலில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இருட்டும் நேரத்தில் ஜீப் வந்தது. எது சக்கரம், எது கதவு என்றே தெரியாத அளவுக்குச் சேறு.

"கன்னுக்குட்டி நல்லா இருக்கு," என்றபடி அம்மா இறங்கினார். "வழியில சேத்துல புதைஞ்சுட்டேன்ப்பா. டிராக்டர்காரர்தான் பம்பர்ல கயிறு கட்டி இழுத்தாரு."

சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. மிளகு அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இழுத்தப்போ... பம்பர் வந்துடுச்சா அண்ணி?"

"ம், வந்துச்சே," என்றார் அம்மா. "பின்னாடியே ஜீப்பும் வந்துச்சு."