மொழி பிரியாத ஒலி

கோட்டை எரிந்த நாளில் எழுந்த அலறலைத் தொள்ளாயிரம் ஆண்டு கழித்துச் சுவரிலிருந்து வடித்தெடுத்தாள் சாருகேசி. தீயில் பழுத்த கல் ஆறும்போது, சுற்றிலும் கேட்ட ஒலி அதன் படிகங்களில் உறைந்துவிடும். அதைப் படிக்கும் கருவிதான் கல்லொலிமானி.

போர் ஓய்ந்த நெடுந்துறையில் தமிழரும் சிங்களவரும் கோட்டைக்குள் கலந்தே குடியிருந்தார்கள். நிலம் யாருக்கு என்ற வழக்குக்கு இரு தரப்புத் தலைவர்களும் ஒரு முடிவு கண்டிருந்தார்கள்: கோட்டை எரிந்த அன்றைய படையெடுப்பில் எந்த இனம் அதிகம் வெட்டுண்டதோ, அதற்கே கோட்டை. மற்றவர் வெளியேற வேண்டும்.

சாருகேசியும் அவளோடு வேலை செய்த பக்கத்து வீட்டு இனோகாவும் ஒலியை மொழிபிரிப்பானில் இட்டார்கள். வெட்டச் சொன்ன குரல்களில் தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது. ஆனால் வெட்டுப்பட்டவர்களின் குரல்களை எந்தப் பக்கமும் சேர்க்க முடியாமல் இயந்திரம் திணறியது. அவர்களில் அநேகர் கத்தியது ஒரே சொல். இரண்டு மொழியிலும் அதே சொல்.

அம்மா.

இனோகா காதொலிப்பானைக் கழற்றி வைத்தாள்.

வழக்கைத் தீர்க்க இரு தரப்பும் கூடிய மன்றத்தில் தமிழர் தரப்புத் தலைவர் குலவீரசிங்கம் இதைப் பொறுமையாகக் கேட்டார்.

“பிரிக்கேலாததை அழிச்சு விடுங்கோ தங்கச்சி. மிச்சத்தை எண்ணுவம்.”

சாருகேசி குறுக்கிட்டாள். “ஐயா, செத்தவையின்ர குரலே அதுதான். அதை அழிச்சால் நீங்கள் எண்ணப்போறது வெட்டினவனைத்தான்.”

சிங்களத் தரப்புத் தலைவர் தர்மதாசவும் அழிப்பதற்கு இசைந்தார். எண்ணிக்கை தமக்கே சாயும் என்று இருவரும் நம்பினார்கள். ஆண்டுக்கணக்காக எதிலும் ஒத்துப்போகாதவர்கள் அன்று மறுபேச்சின்றி ஒப்பமிட்டார்கள்.

எஞ்சியதில் தமிழ்க் குரல்கள் மிகுந்திருந்தன. எல்லாம் கொளுத்தச் சொன்னவை, கதவை உடைக்கச் சொன்னவை. அவற்றையே செத்தவர் கணக்காக எழுதி, கோட்டை தமிழருக்கு என்று தீர்த்தார்கள். குலவீரசிங்கம் சாருகேசிக்கு மாலை போட வந்தார், அவள் தலைகுனியவில்லை.

இனோகா வீட்டுச் சாமான்கள் லொறியில் ஏறின. அவளுடைய தாய் சாருகேசியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு லொறியில் ஏறினாள்.

லொறி போன கையோடு மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த கோட்டைக்கும் மானி வேண்டுமாம். அதைக் கேட்டது தர்மதாச. அங்கே வெட்டியதில் தங்கள் படைதான் பெரிதாக இருந்ததாம், குரல் எண்ணிக்கையும் தமக்கே சாயுமாம்.

சாருகேசி மானியை இரு கையாலும் தூக்கிக்கொண்டு கொத்தளத்தில் ஏறினாள். தடுக்க ஓடிவந்த மன்றக் காவலரில் இரு தரப்பாரும் இருந்தார்கள். அவர்கள் எட்டிப் பிடிக்குமுன் அதைக் கடற்பாறைகளின் மேல் வீசினாள்.